சைலேஜோடு ஒரு கைப்பிடிப் புண்ணாக்கு: செம்மறி வளர்ப்பில் புதியவர்களுக்கு

"மூட்டை மூட்டையா சைலேஜ் போடறனுங்க. குட்டிகளும் மிச்சம் வெக்காமத் தின்னுதுங்க. வயிறு பானையாட்டம் இருக்குது. ஆனா முதுகுல கைய வெச்சா எலும்புதானுங்க தட்டுது!"

புதிதாகச் செம்மறி வளர்க்க வந்த ஒருவர் சென்ற கோடையில் என்னிடம் இப்படிக் கேட்டார். கரூர், திருப்பூர் பக்கம் மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்களிடம் பங்குனி, சித்திரையில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம்தான் அந்த ஆடுகளின் வீடு. மழை பெய்த மாதங்களில் அங்கே வேறு எதுவும் தேவைப்படாது. கோடையில் புல் வைக்கோலாகிவிடும். அப்போது கைகொடுக்கத்தான் சைலேஜ், அதாவது காற்று புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம், வந்திருக்கிறது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த அந்த மூட்டைகள் இப்போது ஆட்டுக் கொட்டகைகளுக்கும் வருகின்றன.

அவருடைய கேள்விக்குச் சுருக்கமான பதில், குட்டிகளுக்குப் புரதம் போதவில்லை என்பது. சைலேஜோடு கொஞ்சம் புண்ணாக்கு சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் எவ்வளவு கொஞ்சம், எந்தப் புண்ணாக்கு, ஏன் தனியாகப் போடாமல் கலந்தே போட வேண்டும் என்பதெல்லாம் தெரியாமல் போட்டால் காசும் போகும், சில நேரம் ஆடும் போகும். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே விளக்குகிறேன்.

சைலேஜ் எப்படிக் கெடாமல் இருக்கிறது

தமிழில் இதை ஊறுகாய்ப்புல் என்கிறோம். பெயர் பொருத்தமானதுதான், ஆனால் நடக்கிற வேலை எலுமிச்சை ஊறுகாயைவிட இட்லி மாவுக்கே நெருக்கம். ஊறுகாயைக் காப்பது உப்பு. சைலேஜைக் காப்பது புளிப்பு. பசுந்தீவனத்தைப் பொடியாக நறுக்கி, காற்று இல்லாமல் இறுக்கி மூடிவிட்டால், அதிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தின்று அமிலமாக்குகின்றன. இட்லி மாவைப் புளிக்க வைப்பவையும் இதே வகை பாக்டீரியாக்கள்தான். நன்றாக அமைந்த மக்காச்சோளச் சைலேஜில் பி.எச். அளவு 4-ஐ ஒட்டி இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் கெடுக்கும் கிருமிகளால் வளர முடியாது. காற்று புகாதவரை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

பசுந்தீவனத்தை அமிலம் சேர்த்துக் கெடாமல் காக்கும் முறை ஒன்றைக் கண்டறிந்த பின்லாந்து வேதியியலாளர் ஆர்ட்டூரி வீர்த்தானெனுக்கு 1945-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் புல் பதப்படுத்துவதை உலகம் அவ்வளவு பெரிய காரியமாக மதித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மக்காச்சோளத்தை அறுக்க வேண்டிய பருவம் கதிரில் பால் குறைந்து மாவுப் பதம் வரும் நேரம். அப்போது பயிரில் உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, 30 முதல் 35 சதவீதம் இருக்கும். நறுக்கிய தீவனத்தை ஒரு கை அள்ளி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். விரலிடுக்கில் சாறு ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டையாக நின்று மெல்ல விரிந்தால் பதம் சரி. கம்பு நேப்பியர் போன்ற புல்லில் சர்க்கரை குறைவு, ஈரம் அதிகம். அதைச் சற்று வாடவைத்து, வெல்லப்பாகுக் கழிவு தெளித்துத்தான் மூட வேண்டும். மக்காச்சோளத்துக்கு அந்தத் தேவை இல்லை. அதனால்தான் தொடக்கக்காரர்களுக்கு நான் மக்காச்சோளத்தையே சொல்கிறேன். கடைச் சைலேஜிலும் பெரும்பகுதி அதுதான்.

ஒரு கிலோ சைலேஜில் என்ன இருக்கிறது

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். ஒரு கிலோ சைலேஜ் என்பது ஒரு கிலோ தீவனம் இல்லை. அதில் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வெறும் தண்ணீர். மிச்சமுள்ள 300 கிராம் சொச்சம்தான் உலர்பொருள். அந்த உலர்பொருளில் புரதம் 7 முதல் 9 சதவீதம். சராசரியாக 8 என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ சைலேஜில் 25 கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கிறது.

இப்போது 20 கிலோ எடையுள்ள வளரும் கிடாக்குட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ஒரு நாளில் தன் எடையில் 3.5 சதவீத அளவுக்கு, அதாவது 700 கிராம் உலர்பொருள் தின்னும். நன்றாக எடை ஏற அந்தத் தீவனத்தில் 14 சதவீதம் புரதம் வேண்டும். அதாவது 98 கிராம். சைலேஜிலிருந்து மட்டும் அதைப் பெற வேண்டுமானால் நாலு கிலோ தின்ன வேண்டும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு! எந்தக் குட்டியாலும் முடியாது. வயிறு நிரம்பிவிடும், தேவை நிரம்பாது. அந்த நண்பரின் குட்டிகளுக்கு நடந்தது இதுதான்.

மக்காச்சோளச் சைலேஜைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கதிரோடு அறுத்த சைலேஜில் மாவுச்சத்து நிறைய உண்டு. உடலுக்குத் தேவையான எரிசக்தியைக் கொடுப்பதில் அதற்கு ஈடான பசுந்தீவனம் கோடையில் கிடைப்பது அரிது. அதன் பற்றாக்குறை புரதத்தில்தான். அந்த ஓட்டையை அடைக்கத்தான் எண்ணெய் ஆலையிலிருந்து வரும் புண்ணாக்கு.

சோறு முதலில் யாருக்கு

ஆட்டுக்குத் தீவனம் போடுகிறோம் என்று சொல்கிறோம். உண்மையில் முதல் பந்தியில் உட்காருவது ஆடு அல்ல. அதன் முதல் வயிறான அசையூண் பையில் வாழும் நுண்ணுயிர்கள். அந்தப் பையிலுள்ள திரவத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு ஆயிரம் கோடி என்ற அளவில் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆட்டால் தானாகச் செரிக்க முடியாத நார்ப்பொருளை அவைதான் உடைக்கின்றன. உடைத்ததில் வரும் கொழுப்பு அமிலங்கள் பையின் சுவர் வழியாக ஆட்டின் ரத்தத்துக்குப் போய் எரிசக்தியாகின்றன.

அத்தோடு முடிவதில்லை. நுண்ணுயிர்கள் தின்று பெருகுகின்றன. பெருகியவை தீவனத்தோடு அடித்துச் செல்லப்பட்டு நான்காவது வயிற்றுக்கும் சிறுகுடலுக்கும் போகின்றன. அங்கே ஆடு அவற்றையே செரித்துப் புரதமாக எடுத்துக்கொள்கிறது. ஆட்டின் உடம்பில் சதையாக ஏறும் புரதத்தில் பெரும்பங்கு இந்த நுண்ணுயிர்களின் உடலிலிருந்து வந்ததுதான். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளிலிருந்து நான் தீவனத் தொட்டியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

நுண்ணுயிர் பெருக இரண்டு பொருள் வேண்டும். ஒன்று எரிசக்தி, அதைச் சைலேஜின் மாவுச்சத்தும் நாரும் தருகின்றன. இன்னொன்று நைட்ரஜன், அது புரதத்திலிருந்து வர வேண்டும். தீவனத்தின் உலர்பொருளில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கத் தொடங்கும். நார் உடைவது மெதுவாகும். உடையாத நார் பையை விட்டு நகராது. பை காலியாகாததால் ஆடு அடுத்த கவளத்தைத் தின்னாது. வெறும் சோளத்தட்டை மட்டும் போட்டு வளர்க்கும் ஆடுகளுக்கு வயிறு பெருத்து உடம்பு வற்றுவது இதனால்தான். சோளத்தட்டையில் புரதம் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான். மக்காச்சோளச் சைலேஜ் 8 சதவீதத்தோடு வரப்பின் விளிம்பில் நிற்கிறது. சினையில்லாத வளர்ந்த பெட்டை அதைத் தின்று காலம் தள்ளிவிடும். குட்டிக்கும் சினையாட்டுக்கும் அது போதாது.

ஒரு கைப்பிடிப் புண்ணாக்கு சேர்த்ததும் ஆடு முன்பைவிட அதிகமாகச் சைலேஜ் தின்னத் தொடங்குவதைப் பார்த்துச் சிலர் வியப்பார்கள். ருசி ஒரு காரணம். பெரிய காரணம், உள்ளே நுண்ணுயிர்கள் வேகம் பிடித்து, பை சீக்கிரம் காலியாவது. புண்ணாக்கின் வேலை அதிலுள்ள புரதத்தோடு முடிந்துவிடுவதில்லை. பக்கத்திலுள்ள இரண்டு கிலோ சைலேஜையும் அது வேலை செய்ய வைக்கிறது.

கலந்தே போடச் சொல்வதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. புண்ணாக்குப் புரதம் அசையூண் பையில் உடைந்து அம்மோனியா ஆகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் சைலேஜின் மாவுச்சத்தும் இருந்தால் நுண்ணுயிர்கள் இரண்டையும் சேர்த்து உடம்பாக்கிக்கொள்ளும். காலையில் வெறும் புண்ணாக்கு, சாயங்காலம் வெறும் சைலேஜ் என்று போட்டால், காலை அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் அது ரத்தத்துக்குள் போய், கல்லீரலில் யூரியாவாக மாறி, பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். கொட்டகையில் கண் எரிகிற அளவுக்கு நெடி அடித்தால், தரை சுத்தம் ஒருபுறம் இருக்க, புண்ணாக்கு அளவையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

எந்தப் புண்ணாக்கு

கடலைப் புண்ணாக்கில் உலர்பொருளில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. எள்ளுப் புண்ணாக்கில் 35 முதல் 40. தேங்காய்ப் புண்ணாக்கில் 20 முதல் 22. தோலோடு ஆட்டிய பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் 22 முதல் 25. அரிசித் தவிடு, கோதுமைத் தவிடு 12-லிருந்து 16-க்குள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து சேலம், நாமக்கல் ஆலைகளில் ஜவ்வரிசி எடுத்த பின் மிஞ்சும் திப்பியும் ஆட்டுத் தீவனமாக விற்கிறது. விலை மலிவு. ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு, இருப்பது மாவுச்சத்தே. ஏற்கெனவே மாவுச்சத்து உள்ள மக்காச்சோளச் சைலேஜோடு திப்பியைச் சேர்ப்பது, சோற்றுக்குச் சோற்றையே குழம்பாக ஊற்றுவது போல. வெறும் தட்டை போடுகிறவர்களுக்கு, புண்ணாக்கோடு சேர்த்து, திப்பி உதவும். சைலேஜ்காரர்களுக்கு அல்ல.

கடலைப் புண்ணாக்கின் புரதம் பெரும்பாலும் அசையூண் பையிலேயே உடைந்துவிடும், நுண்ணுயிர்களுக்கு ஏற்றது. தேங்காய், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் உடையாமல் நேரே குடலுக்குத் தப்பிப்போகும் பங்கு கூடுதல். வேகமாக வளரும் குட்டிக்கு நுண்ணுயிர் தரும் புரதம் மட்டும் பற்றாது என்பதால் இந்த இரண்டாவது வகையும் கொஞ்சம் இருந்தால் நல்லது. பாதிக் கடலை, பாதித் தேங்காய் என்று கலப்பதைத்தான் நான் விரும்புகிறேன். காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய் ஆலைகள் ஏராளம் என்பதால் எங்களுக்கு அது எளிது. உங்கள் ஊரில் எந்த ஆலை பக்கத்தில் இருக்கிறதோ அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

கடலைப் புண்ணாக்கில் ஓர் ஆபத்து உண்டு. ஈரத்தில் வைத்தால் அதில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு அது. வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் போகாது. பூஞ்சையைத் துடைத்துவிட்டால் நஞ்சு போய்விட்டது என்றும் நினைக்கக் கூடாது. ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ திட்டு தெரிந்தால், கட்டியாக இறுகியிருந்தால், காசைப் பார்க்காமல் எருக்குழியில் போட்டுவிடுங்கள்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிப்பால் என்ற பொருள் இருக்கிறது. வளர்ந்த ஆட்டின் அசையூண் பை அளவான காசிப்பாலைச் சமாளித்துவிடும். மூன்று, நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு அந்தப் பை முழுதாக வளர்ந்திருக்காது என்பதால் அவற்றுக்கு வேண்டாம். இனவிருத்திக் கிடாவுக்கும் தவிர்ப்பதே நல்லது.

செம்மறியின் எதிரி செம்பு

பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் மறக்காமல் இருக்க உதவும். பண்ணை விலங்குகளில் செம்புச் சத்து கூடினால் தாங்க முடியாதது செம்மறி. வெள்ளாடும் மாடும் தாங்கும் அளவு செம்மறிக்கு நஞ்சாகும். கூடுதல் செம்பைக் கல்லீரலில் சேர்த்துக்கொண்டே போகும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியே எதுவும் தெரியாது. பிறகு ஒரு நாள் திடீரென்று கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போய், ஓரிரு நாளில் விழுந்துவிடும்.

மலேசியாவில் எண்ணெய்ப் பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது. அதைச் செம்மறிகளுக்கு முக்கியத் தீவனமாகத் தொடர்ந்து கொடுத்தபோது இந்தச் செம்பு நஞ்சுதான் அங்கே பெரிய சிக்கலானது. புரதத்தில் குறை இல்லை, செரிமானத்திலும் குறை இல்லை. அதில் இயற்கையாகவே இருந்த செம்பு செம்மறிக்கு ஒத்துவரவில்லை. மாட்டுக்கு நல்ல தீவனம் ஆட்டுக்கும் நல்ல தீவனம் என்று நினைப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய பாடம் இது.

நம் ஊரில் இதே தவறு வேறு வழியில் நடக்கிறது. மாட்டுக்கென்று வாங்கிய தாது உப்புக் கலவையையோ, கோழித் தீவனத்தையோ, மாட்டுக் குச்சித் தீவனத்தையோ செம்மறிக்குப் போடுகிறோம். அவற்றில் செம்பு சேர்த்திருப்பார்கள். செம்மறிக்கென்றே தனியாகத் தயாரித்த தாது உப்பைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொன்னால் பையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

ஒரு சதுரம் போட்டுக் கணக்குப் பார்ப்போம்

இரண்டு பொருளைக் கலந்து வேண்டிய புரத அளவைக் கொண்டுவர எளிய முறை ஒன்று இருக்கிறது. ஒரு சதுரம் வரைந்து, இடப்பக்க மேல் மூலையில் சைலேஜின் புரதம் 8, கீழ் மூலையில் கடலைப் புண்ணாக்கின் புரதம் 42, நடுவில் நமக்கு வேண்டிய 14 என்று எழுதுங்கள். குறுக்காகக் கழியுங்கள். 42-இலிருந்து 14 போனால் 28, அது சைலேஜின் பங்கு. 14-இலிருந்து 8 போனால் 6, அது புண்ணாக்கின் பங்கு. ஆக மொத்தம் 34 பங்கில் 6 பங்கு புண்ணாக்கு, 28 பங்கு சைலேஜ். இது உலர்பொருள் கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

நம் 20 கிலோக் குட்டியின் 700 கிராம் உலர்பொருளை இந்த விகிதத்தில் பிரித்தால் புண்ணாக்கு 124 கிராம், சைலேஜ் 576 கிராம். புண்ணாக்கில் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருப்பதால் தராசில் 138 கிராம் நிற்க வேண்டும். சைலேஜில் உலர்பொருள் 30 சதவீதம் என்றால் தராசில் 1.9 கிலோ. அவ்வளவுதான். நாலு கிலோ சைலேஜால் செய்ய வேண்டியதை இரண்டு கிலோவும் ஒரு கைப்பிடியும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

கடலைக்குப் பதில் 22 சதவீதத் தேங்காய்ப் புண்ணாக்கைப் போட்டால் பங்கு 8-க்கு 6 என்று மாறிவிடும். அதாவது அதே குட்டிக்குத் தேங்காய்ப் புண்ணாக்கு 333 கிராம், சைலேஜ் 1.3 கிலோ. இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்தால் புண்ணாக்கு மொத்தம் 195 கிராம் போதும்.

விலையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய், தேங்காய்ப் புண்ணாக்கு 30 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தேங்காய் மலிவாகத் தெரியும். ஆனால் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கில் 378 கிராம் புரதம், ஒரு கிலோ தேங்காய்ப் புண்ணாக்கில் 198 கிராம். ஒரு கிலோ புரதத்துக்குக் கடலையில் 132 ரூபாயும் தேங்காயில் 152 ரூபாயும் ஆகிறது. மூட்டை விலையைப் பார்த்து வாங்கினால் இது கண்ணில் படாது. அதே நேரம், தேங்காய்ப் புண்ணாக்கு போடும்போது சைலேஜ் குறைவாகச் செலவாகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சைலேஜ் தாராளமாக இருந்தால் கடலை, மூட்டைகள் தீர்ந்துகொண்டிருந்தால் தேங்காய் என்பது என் வழக்கம்.

சினையாட்டுக்குக் கடைசி ஆறு வாரம் முக்கியம். செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். பிறக்கும் குட்டியின் எடையில் 70 சதவீதம் அந்தக் கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அதே நேரம் கருப்பை பெருத்து அசையூண் பையை நெருக்கும். தேவை கூடும்போது இடம் குறைகிறது. 30 கிலோப் பெட்டைக்கு அந்த வாரங்களில் 12 சதவீதப் புரதம் வருமாறு கணக்கிட்டால் கடலைப் புண்ணாக்கு 120 கிராம் அளவில் வரும். தீவனத்தை இரண்டுக்குப் பதில் மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு, குட்டிக்குச் சொன்ன அதே விகிதம் பொருந்தும், தின்னும் அளவு மட்டும் கூடும். சினையில்லாத பெட்டைக்கு உலர்பொருள் கணக்கில் பாதி சோளத்தட்டை, பாதி சைலேஜ், கூடவே 60 கிராம் புண்ணாக்கு என்றால் போதும். அதற்கு மேல் போடுவது வீண்.

போடும் முறை

செம்மறி பொறுக்கித் தின்னும். சைலேஜில் கதிர்த் துண்டையும் இலையையும் எடுத்துக்கொண்டு தண்டைத் தள்ளிவிடும். அதனால் மாட்டுக்கு நறுக்குவதைவிடப் பொடியாக, ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கியதாக இருக்க வேண்டும். புண்ணாக்கைப் பொடித்து, ஈரச் சைலேஜின் மேல் தூவிப் புரட்டினால் துண்டுகளில் ஒட்டிக்கொள்ளும், பொறுக்க முடியாது. மாட்டுக்குத் தண்ணி காட்டுவதுபோல் இரவே ஊறவைத்துக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் ஆட்டுக்கு வேண்டாம். கோடைச் சூட்டில் அது புளித்துப்போகும். பலமுள்ள ஆடு தொட்டியை மறித்துக்கொண்டு குடித்துவிட்டு, ஒல்லிக் குட்டி ஏமாந்து நிற்கும். எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் தலை நுழைக்கும் நீளத்துக்குத் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்கு ஓர் அடி வேண்டும்.

முதல் நாளே முழு அளவைப் போடாதீர்கள். பத்து முதல் பதினான்கு நாட்களில் படிப்படியாக ஏற்றுங்கள். வயிற்றின் நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீவனத்துக்கு ஏற்ப மாற அவ்வளவு காலம் எடுக்கும். திடீர்ச் செழிப்பில் வருகிற துள்ளுமாரி நோய், நேற்று வரை துள்ளிய கொழுத்த குட்டியைக் காலையில் பிணமாக்கிவிடும். தீவனம் மாற்றும் முன்பே அதற்கான தடுப்பூசியைப் போட்டு முடித்துவிடுங்கள்.

தவிட்டைப் பற்றி ஒன்று. அரிசித் தவிட்டிலும் கோதுமைத் தவிட்டிலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. கிடாக்களுக்கு, குறிப்பாகக் காயடித்தவற்றுக்கு, தவிட்டை அள்ளிப் போட்டால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துக்கொள்ளும். கிடா முக்கிக்கொண்டு நின்றால், வாலை ஆட்டி ஆட்டி வயிற்றைத் திரும்பிப் பார்த்தால், மலச்சிக்கல் என்று எண்ணெய் ஊற்றாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும்.

திறந்த மூட்டையின் ஆயுள்

நல்ல சைலேஜ் லேசான புளிப்பு மணத்தோடு, பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். நாறிய வெண்ணெய் வாடை வந்தால் உள்ளே தவறான கிருமி வளர்ந்திருக்கிறது. வெள்ளை, நீலப் பூஞ்சை இருந்தால், மண் கலந்திருந்தால், செம்மறிக்கு அதைப் போடவே கூடாது. சரியாகப் புளிக்காத சைலேஜில் லிஸ்டீரியா என்ற கிருமி பெருகும். மற்ற கால்நடைகளைவிடச் செம்மறிதான் அதற்கு எளிதில் பலியாகும். மூளை பாதித்து, காது தொங்கி, வாய் ஒருபக்கம் இழுத்து, ஒரே திசையில் வட்டமடித்துச் சுற்றும். முதல் அறிகுறியிலேயே மருத்துவம் தொடங்கினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் இல்லை. மாட்டுக்காரர் "இந்த மேல் தட்டு மாடு தின்னாது, உங்க ஆட்டுக்குப் போடுங்க" என்று சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சிறு மந்தைக்காரர்கள் சைலேஜ் போடக் குழி வெட்டுவதையும் நான் ஆதரிப்பதில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. நம் வெயிலில், திறந்த சைலேஜ் முகப்பிலிருந்து தினமும் 15 சென்டிமீட்டராவது வெட்டி எடுத்தால்தான் கெடுதல் முந்தாது. இருபது குட்டிக்கு நாளொன்றுக்கு 40 கிலோதான் வேண்டும். ஒரு கன மீட்டரில் 550 கிலோ அடங்கும் என்றால், தினமும் 15 சென்டிமீட்டர் எடுக்க அந்தக் குழியின் முகப்பு வெறும் அரைச் சதுர மீட்டராக இருக்க வேண்டும். அப்படி ஒரு குழியை வெட்டவும் முடியாது, மிதித்து இறுக்கவும் முடியாது. காற்று புகாத 50 கிலோ மூட்டைகள்தான் இவர்களுக்குப் பொருத்தம். நாளொன்றுக்கு ஒரு மூட்டைக்கும் குறைவு. காலையில் திறந்தது மாலைக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும், மிச்சத்தை வாயை இறுக்கிக் கட்டி மறுநாள் காலை முதல் வேளைக்குப் போட்டுவிடலாம். எலி கடித்த ஓட்டை இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை மூட்டைகளைத் திருப்பிப் பார்த்து, இருந்தால் உடனே ஒட்டுங்கள்.

பலன் தெரிய எத்தனை நாள்

மூன்று வாரம் பொறுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் தீவனம் போடும் முன், அதே ஐந்தாறு குட்டிகளைத் தொங்கு தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். தராசு இல்லாவிட்டால் கை போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே முதுகில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அழுத்துங்கள். எலும்பு முனை கூர்மையாகக் குத்தினால் இன்னும் பற்றவில்லை. முனை மழுங்கி, இருபுறமும் சதை மேடாகத் தட்டுப்பட்டால் தீவனம் வேலை செய்கிறது. கம்பளி இல்லாத மேச்சேரி ஆட்டில் இதைப் பார்ப்பது எளிது, முடி குட்டை. புழுக்கை உருண்டையாகவும் மினுமினுப்பாகவும் இருக்கட்டும். இளகிப் போனால் புண்ணாக்கை ஏற்றிய வேகம் அதிகம், இரண்டு படி இறங்குங்கள்.

எல்லாம் சரியாகப் போட்டும் எடை ஏறவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது குடற்புழு. புழுவுக்குப் புண்ணாக்கு போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி அந்த நண்பரின் கதை. அவர் குட்டிக்கு 140 கிராம் கடலைப் புண்ணாக்கோடு மழை வரும் வரை சமாளித்தார். ஐப்பசியில் மழை இறங்கி, கொரங்காட்டில் கொழுக்கட்டைப்புல் முழங்காலுக்குத் துளிர்த்ததும் மீண்டும் கேட்டார், மேய்ச்சல் வந்துவிட்டதே, இனி சைலேஜை நிறுத்திவிடலாமா என்று. நான் புண்ணாக்கை முதலில் குறைக்கச் சொன்னேன். மழைக்குப் பின் எழும் இளம் புல்லில் புரதம் தாராளமாக இருக்கிறது, ஆனால் அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், எரிசக்தி குறைவு. கோடையில் சைலேஜுக்குப் புரதம் பற்றாக்குறையாக இருந்தது. இப்போது புல்லுக்கு மாவுச்சத்து பற்றாக்குறை. அதனால் மாலை பட்டிக்குத் திரும்பும்போது குட்டிக்கு அரைக் கிலோ சைலேஜ் மட்டும், புண்ணாக்கு இல்லாமல், புல் முற்றும் வரைக்கும். மிச்ச மூட்டைகள் பிரிக்காமல் அப்படியே அடுக்கில் இருக்கின்றன, அடுத்த பங்குனிக்கு.